காய்ந்த உப்பும் கட்டிப்பிடித்த மாமாவும்

பயம் வந்தால் சிலருக்குக் கால் ஓடும், சிலருக்கு வாய் ஓடும். எனக்கு எதுவும் ஓடாது. கையில் கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். அன்றைக்குக் கிடைத்தது என் வருங்கால மாமனாரின் இடுப்பு.

பசுமலையில் எலெக்ட்ரிக் வேலை செய்கிறவன் நான். முறையாகப் படித்ததில்லை, பார்த்துப் பார்த்தும் ஷாக் வாங்கி வாங்கியும் கற்றுக்கொண்டதுதான். உசிலம்பட்டியில் பெண் பேசி முடித்ததும், மாமா கட்டியிருந்த புது வீட்டுக்கு நானே எர்த் போட்டுத் தருவதாக வீரம் பேசினேன். குழியில் பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் கல்லுப்பும் நிரப்பி, தண்ணீர் ஊற்ற வேண்டும். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஊற்றினால் அம்புட்டு உப்பும் கரைந்து வீணாகிவிடுமே! ஒரு சொட்டு ஊற்றவில்லை. மழைகூட இறங்காதபடி தார்ப்பாய் போட்டு மூடிக் கல்லும் வைத்தேன். (உசிலம்பட்டியில் பெய்கிற மழைக்கு!)

பெண்ணுக்குப் பூ வைக்கும் நாள். வீடு நிறையச் சொந்தம். அத்தை என்னைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டுக் கிசுகிசுத்தார்.

“மாப்ள, புதுக் கிரைண்டரத் தொட்டா சுள்ளுங்குது. மாமாட்ட சொல்லிராதீங்க.”

டெஸ்டரை வைத்தேன். சிவப்பாக எரிந்தது. எர்த் ஒழுங்காக இருந்தால் கசிகிற கரண்ட் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். நான் போட்ட எர்த் வேலை செய்யவில்லை. மெயின் சுவிட்ச் இருப்பது வாசல் பக்கம். நான் திரும்புவதற்குள் மாமா ஒரு கூட்டத்தோடு உள்ளே வந்துவிட்டார். வெறுங்கால். அப்போதுதான் கழுவிய ஈரக்கை.

“எங்க மாப்ள எர்த் போட்ட வீடுப்பா இது! எந்த மிஷினையும் எவனும் தொடலாம். இந்தா, நான் தொடுறேன் பாரு!”

கை கிரைண்டரை நோக்கி நீண்டது. கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். இருவரும் மாவுச் சட்டியோடு உருண்டோம்.

“ஐயோ, ரெண்டு பேரையும் கரண்டு பிடிச்சிருச்சு! யாரும் கிட்டப் போகாதீங்க!” என்று கூட்டத்தில் ஒருவர் அலறினார்.

யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்தார்கள். கரண்ட் போய்விட்டது, நான் விடவில்லை.

“மாப்ள, விடுங்க, மூச்சு முட்டுது” என்றார் மாமா.

காதில் விழுந்தது, கைக்குத்தான் எட்டவில்லை. இந்நேரம் மனிதர் செத்திருப்பாரே என்று நினைக்க நினைக்க விரல்கள் இறுகின. கடைசியில் அத்தை ஒரு குடம் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தார். பிடி தானாக விட்டது.

அறைக்குள் இருந்த மணப்பெண், கெமிஸ்ட்ரி படித்தவள், நிலைப்படிக்கு வந்தாள்.

“எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?”

“ஊத்துனா உப்பு கரைஞ்சு போயிருமே!”

“கரையத்தான அதப் போடுறது! உப்புக்குள்ள பாசிட்டிவும் நெகட்டிவுமா அயனிக இருக்கு. காய்ஞ்சு கிடக்கையில, நீங்க எங்கப்பாவப் பிடிச்ச மாதிரி, ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு நகராது. தண்ணி பட்டாத்தான் பிடிய விட்டுட்டு நடமாடும். அது நடமாடுனாத்தான் கரண்டு போகும்.”

சமையல்கட்டே சிரித்தது. மீசையில் மாவோடு மாமா மட்டும் சிரிக்கவில்லை.

“போய் ஊத்துங்க. மறுபடி டெஸ்டர் எரிஞ்சா இந்தச் சம்பந்தம் வேணாம்.”

தார்ப்பாயைப் பிய்த்து எறிந்துவிட்டுக் குடம் குடமாக ஊற்றினேன். மெயினைப் போட்டார்கள். டெஸ்டரைக் கிரைண்டரில் வைத்தேன். பெண்ணைப் பார்த்தேன். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

எரியவில்லை.

கல்யாணமும் ஆயிற்று. போன மாதம் மாமாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பல் பிடுங்கப் போயிருந்தேன். ஊசியைப் பார்த்ததும் டாக்டரின் கையைப் பிடித்தவன்தான், விடவில்லை. நர்ஸ் இழுத்துப் பார்த்தார். வெளியே உட்கார்ந்திருந்த மாமாவின் குரல் மட்டும் நிதானமாக வந்தது:

“இழுக்காதீங்கம்மா, வராது. ஒரு குடம் தண்ணிய ஊத்துங்க, தானா விட்ருவாரு.”