பூண்டுக் காட்சியில் யாரும் சிரிக்கக் கூடாது

திரையில் ரத்தக் காட்டேரி ஒரு கூடைப் பூண்டைப் பார்த்து வெலவெலத்துப் போய் நின்றான். முன்னோட்டக் காட்சிக்கு வந்திருந்த ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த யூ-ரிம், சிரிக்கிற தலைகளை எண்ணிப் பார்த்தாள். 'விடியாத மணமகன்' பயமும் காதலும் கலந்த படம். சிரிப்புக்கு அதில் இடமே கிடையாது. படத்துக்கு விளம்பர வேலை பார்ப்பவள் அவள். படத்தை எடுத்தவன் அவள் புருஷன் தோங்-கப். ஆக, இரண்டு தலைவலியும் ஒரே வீட்டில்.

"முந்நூறு வருஷமா சியோல்லயே இருக்கானாம்டா," என்றான் முன்வரிசைக் கல்லூரிப் பையன் ஒருவன். "பூண்டு ஆகாதவன் இந்த ஊர்ல யார் ரத்தத்தைக் குடிச்சுப் பொழைச்சான்? நம்ம ரத்தத்துல பாதி பூண்டுதானே."

"காலையில மெட்ரோல ஏறியிருந்தா முதல் ஸ்டேஷன்லயே செத்திருப்பான்," என்றான் அவன் நண்பன்.

மறுநாளே சேர்மன் நம்கூங்கின் ஆபீசிலிருந்து போன் வந்துவிட்டது. நாட்டில் பாதித் தியேட்டர்கள் அந்த அம்மாள் கையில். ஆனால் ஆளை நேரில் பார்த்தவர்கள் அபூர்வம். பேப்பரில் போட்டோ வராது, விழாவுக்கு வரமாட்டாள். படம் வாங்குவதற்கு முன் கூட்டத்தோடு கூட்டமாக எங்கேயோ வந்து உட்காருவாள். திரையை விட ஜனங்களின் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பாள் என்று பேச்சு.

"சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு அம்மா வர்றாங்க," என்றார் செயலாளர். "எங்க உட்காருவாங்கன்னு எனக்கே தெரியாது. ஜனங்க பயந்தா, அழுதா, படம் தியேட்டருக்குப் போகும். மறுபடியும் சிரிச்சாங்கன்னா தியேட்டர் கிடையாது, ஜனங்க அதைப் போன்லயே பாத்துக்கட்டும்னு சொல்லிட்டாங்க."

யூ-ரிம் போனை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். எட்டு வருஷம் இந்த ஒரு படத்தோடு மல்லுக்கட்டியவன். இதுவும் தியேட்டருக்கு வரவில்லையென்றால் போஹாங்கில் அண்ணனின் கருவாட்டுக் கடையில் வந்து உட்காருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். அண்ணன் இப்போதே அவனுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்துவிட்டார். கணவாய்க் கருவாடு வாசனை பட்டாலே குமட்டுகிற மனுஷன் அவன். அவனை அங்கே உட்கார்த்தி வைத்துப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

"ஏங்க, அந்தப் பூண்டுக் காட்சிய மட்டும் வெட்டிருங்களேன்."

"வெட்டினா படத்துல மிச்சம் என்ன இருக்கும்? பல்லுதான் இருக்கும்," என்றான் தோங்-கப். "கதாநாயகி வீட்ல கிம்ச்சி ஊறுகாய் போடற நாள். தெருவே கூடி உட்கார்ந்து பூண்டு உரிக்குது. மாப்பிள்ளையா வந்தவன் இவனும் உட்கார்ந்து உரிக்கிறான். விரல் வெந்து புகையுது, எந்திரிக்க மாட்டேங்கறான். இதுக்கு மேல காதல்னு என்னடி இருக்கு?"

"எனக்குப் புரியுது. ஜனங்களுக்குப் புரியணுமே."

சரி, சோகமாக வயலினைப் போட்டால் புரிந்துவிடும் என்று அவள் யோசனை சொன்னாள். போட்டார்கள். எடிட்டிங் அறைப் பையன்கள் போன தடவை சிரிக்காமல் இருந்தவர்கள். இந்தத் தடவை, விரல் புகைய ஆரம்பித்ததும் வயலினும் அழ ஆரம்பிக்க, ஒருவன் நாற்காலியோடு சாய்ந்தே போனான்.

அப்புறம்தான் யூ-ரிம் தன் அம்மாவிடம் போனாள். அம்மா மலையேறும் சங்கத்துக்குத் தலைவி. கழுத்தில் விசில், தலையில் வெயில் தொப்பி. அவள் கண் அசைத்தால் குவானாக் மலையையே கழுவி விடக்கூடிய பெண்கள் அணி ஒன்று அவள் பின்னால் இருந்தது.

"உன் புருஷன் படத்துக்கு அழணும், அவ்வளவுதானே?" என்றாள் அம்மா. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்."

வியாழக்கிழமை மலை மேல் ஒத்திகை நடந்தது. யூ-ரிம் பாறை மேல் ஏறி நின்று விளக்கினாள். "சேர்மன்னு ஒரு சிடுமூஞ்சி வருது. படத்தைப் பாக்காதாம், நம்ம மூஞ்சியத்தான் பாக்குமாம். அதனால நான் டார்ச்சைக் காட்டினா அலறுங்க. கைக்குட்டைய ஆட்டினா அழுங்க. பூண்டுக் காட்சியில யாரும் சிரிக்கக் கூடாது. எங்க, ஒருதரம் அலறுங்க பாப்போம்."

அலறினார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு மலை மீட்புப் படை மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. அவர்களுக்கு அவித்த முட்டை கொடுத்துச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அத்தோடு அலறல் ரத்து, அழுகை மட்டும் என்று முடிவானது.

"எனக்கு அழுகை சட்டுனு வராதும்மா," என்றாள் தே-சிக் அம்மா. சங்கத்தில் யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது, பிள்ளை பேரோடு சேர்த்து அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் போன இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்த சாது.

"மாமியாரை நினைச்சுக்கடி," என்றாள் மின்-சொப் அம்மா.

"அவங்க ரொம்ப நல்லவங்க."

"அப்ப என் மாமியாரை நினைச்சுக்க."

"வெங்காயம் கொண்டாரலாமா?" என்றாள் இன்னொருத்தி.

"வேண்டாம் சித்தி," என்றாள் யூ-ரிம். "வாசனை வந்தா காரியம் கெட்டுது."

சனிக்கிழமை வாசனையோடுதான் வந்தார்கள். மலையிறங்கி நேராக ஒரு கடையில் வேகவைத்த பன்றிக்கறியைக் கீரையில் சுருட்டி, ஆளுக்கொரு கைப்பிடி பச்சைப் பூண்டும் சேர்த்து வெளுத்துக் கட்டியிருந்தார்கள். கதவைச் சாத்தியதும் அரங்கம் முழுக்கப் பூண்டு நெடி குப்பென்று ஏறியது.

"அம்மா, என்ன காரியம்மா பண்ணிட்டு வந்திருக்கே?" யூ-ரிம் பல்லைக் கடித்தாள்.

"வெறும் வயித்துல எப்படிடி அழறது?" என்றாள் அம்மா.

மூன்றாவது வரிசையில் தனியாக ஒரு பெண்மணி. கழுத்தில் முத்துமாலை, முகத்தில் கடுகடுப்பு. திரையைப் பார்க்காமல் திரும்பித் திரும்பி ஜனங்களின் முகத்தையே பார்த்தாள். யூ-ரிம்முக்குச் சந்தேகமே இல்லை. ஓடிப்போய் முதுகுக்கு ஒரு திண்டு வைத்தாள். வாற்கோதுமைத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். படம் ஆரம்பித்த பிறகு காலுக்கு ஒரு கம்பளியும் கொண்டுபோனபோது அந்த அம்மாள், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று சீறினாள்.

யூ-ரிம்முக்கு வியர்த்துக் கொட்டியது. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தாள்.

அவ்வளவுதான். மலையேறும் சங்கம் மொத்தமும் ஓவென்று அழ ஆரம்பித்தது. திரையில் கதாநாயகி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு? பஸ்ஸு போயிருச்சா?" என்று ஒருவர் தூக்கம் கலைந்து கேட்டார்.

அன்றைக்கும் வந்திருந்த கல்லூரிப் பையன்களுக்குச் சிரிப்புத் தாளவில்லை. "ஐயோ நிறுத்துங்க, நிறுத்துங்க," என்று அவள் கையை ஆட்டினாள். கையில் கைக்குட்டை இருந்தது. அழுகை இன்னும் பலத்தது. அதை நிறுத்த அம்மா விசில் ஊத வேண்டியதாயிற்று.

இந்த லட்சணத்தில் பூண்டுக் காட்சி வந்தது. காட்டேரி மாப்பிள்ளை முற்றத்தில் கூடையருகே வந்து நின்றான். முத்துமாலைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். பையைத் தூக்கினாள், கடகடவென்று வெளியே போய்விட்டாள்.

யூ-ரிம் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் போயிற்று. பூட்ஸ், கருவாடு, போஹாங். தோங்-கப்பிடம் என்ன சொல்வது? நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல வேண்டியதுதான்.

திரையில் அவன் முதல் பூண்டை எடுத்தான். விரல் புகைந்தது. மாமியார்க்காரி ஒன்றும் அறியாமல், "என்ன மாப்பிள்ளை, மெதுவா உரிக்கிறீங்க?" என்று இன்னொரு குவியலை அவன் முன் தள்ளினாள். அவன் சிரித்துக்கொண்டு அதையும் எடுத்தான்.

யாரோ விசும்பினார்கள்.

யூ-ரிம் நிமிர்ந்து பார்த்தாள். தே-சிக் அம்மா. கைக்குட்டை மடியில்தானே கிடக்கிறது, அதற்குள் இவளுக்கு என்ன அவசரம்? அழ வராது என்றவளுக்கு இப்போது தோளெல்லாம் குலுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மின்-சொப் அம்மா மூக்கைச் சிந்தினாள். "என் மாப்பிள்ளைக்கு ஒரு முட்டைக்கோஸ் நறுக்கத் துப்பில்ல," என்று முனகினாள். அவளுக்கும் கண்ணீர் வழிந்தது. கல்லூரிப் பையன்களிடமிருந்து சத்தமே இல்லை. ஒருவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். யூ-ரிம் அவசரமாகக் கைக்குட்டையைத் தூக்கி ஆட்டினாள். அவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

படம் முடிந்தது. பெண்கள் வீங்கிய முகத்தோடு பஸ்ஸுக்குப் போனார்கள். தோங்-கப் வாசல் தூணில் சாய்ந்து நின்றிருந்தான்.

"நல்லா அழுதாங்க இல்ல?" என்றான்.

"அழுதாங்க. அழுது என்ன பண்றது? பாக்க வேண்டிய சேர்மன் பாதியிலேயே எந்திரிச்சுப் போயிட்டாங்க. என்னாலதாங்க எல்லாம்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "விடு. பூட்ஸ் அளவு சரியா இருக்கான்னு அண்ணனைக் கேக்கணும்."

அப்போது வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர் ஒருவர் படியேறி வந்து, யூ-ரிம்மின் முன் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

"சேர்மன் அம்மா கார்ல இருக்காங்க. எங்க தியேட்டர் எல்லாமே உங்களுக்குத்தான்னு சொல்லச் சொன்னாங்க," என்றார். "அப்புறம், அழுகை சட்டுனு வராதுன்னு சொல்லிட்டு, நீங்க கைக்குட்டைய ஆட்டறதுக்கு முன்னாடியே அம்மா அழுதுட்டாங்களாம், அதுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."