கோட்டுக்கு மாலை, கைலிக்குக் கஞ்சி

ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடுவேன் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இருபது வயதில் நானே அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். (திரிந்தது புதுச்சேரிக்குள் மட்டும், அதற்கே அவ்வளவு திமிர்.)

வியட்நாமில் இருக்கும் சைகோனுக்குப் பிழைக்கப் போய், வெறுங்கையோடு ஊர் திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு உதவ எங்கள் மாதா கோயிலில் ஒரு சங்கம் இருந்தது. அப்பாதான் செயலாளர். கஞ்சி ஊற்ற முடிந்தது, தங்கவைக்கத்தான் இடமில்லை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்திருந்தவர்களையும் லீவு முடிந்ததென்று காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் சைகோன் வியாபாரி ஒருவர், உழவர்கரையில் பூட்டிக் கிடந்த தன் வீட்டைச் சங்கத்துக்குத் தர யோசிப்பதாக எழுதிவிட்டுக் கப்பலேறினார். அவரை வரவேற்கும் பொறுப்பு எனக்கு.

"மூஞ்சி தெரியாதேம்மா, கண்டுபுடிச்சிடுவியா?" என்றார் அப்பா.

"பணக்காரர கண்டுபுடிக்க போட்டோ வேற வேணுமாப்பா?"

கப்பலிலிருந்து படகில் கரையேறியவர்களில் ஒருவர் வெள்ளைக் கோட்டு, டை, தொப்பி, பளபள பூட்ஸ். "பொன்ழூர் முசே!" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி மாலையைப் போட்டு, அவர் வாயைத் திறக்குமுன் குடும்பத்தோடு, ஆளை உட்காரவைத்துத் தள்ளிப்போகும் வண்டிகளில் ஏற்றிச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டேன். மற்றவர்களை நடத்தியே கூட்டிவந்து கஞ்சி வரிசையில் நிறுத்தினேன். அதில் கசங்கிய கைலியோடு தள்ளாடிய ஒருவர் கையில் பழைய சட்டையையும் திணித்தேன்.

"பொண்ணே, நான் வந்து..."

"எல்லாருக்கும் கெடைக்கும், சும்மா நில்லுங்க!" என்று அதட்டினேன்.

சங்கத்தில் போட்டிருந்த வரவேற்பு மேடையில் கோட்டுக்காரரைப் பேசச் சொன்னார் அப்பா. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவ்ளோ மரியாதைய நான் எதிர்பாக்கல. மெர்சி. மாலை போதும் முசே, ராத்திரிக்கு எம் பொண்டாட்டி புள்ளைங்க படுக்க ஒரு எடம் காட்டுங்க."

ஐயோ! கையில் காலணா இல்லாவிட்டாலும், சொந்த ஊரில் இறங்கும்போது இருப்பதிலேயே நல்ல கோட்டைப் போட்டுக்கொள்வது சைகோன்காரர்கள் வழக்கம். இது ஊருக்கே தெரியும், என்னைத் தவிர.

"வூடு குடுக்க வந்தவன் நான்தாம்மா" என்றார் கைலிக்காரர். "எங் கோட்டெல்லாம் கப்பல்ல வாந்தியிலயே போச்சு."

எனக்கு உயிரே போய்விட்டது. என் திமிரால் இத்தனை குடும்பங்களும் தெருவில் நிற்கப்போகின்றன என்று அழுதேவிட்டேன். அவரோ கஞ்சியைக் கடைசிவரை குடித்து முடித்தார்.

"விசாரிச்சிட்டு மெதுவா குடுக்கலாம்னுதான் வந்தேன். வரிசையில நின்னவங்க கதைய கேட்டதுக்கப்பறம் விசாரிக்க என்னா இருக்கு? இந்தாங்க சாவி, இன்னிக்கே குடி போங்க" என்று அப்பாவிடம் நீட்டினார். "ஆனா இந்தப் பொண்ண மட்டும் வாசல்ல நிக்க வெக்காதீங்க."

சங்கத்துக்கு முதல் வீடு கிடைத்த வரலாறு இதுதான். (ஆண்டு மலரில் 'அன்பர் மனமுவந்து அளித்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.)

எங்கள் வீட்டில்தான் இந்தக் கதையை இன்னும் முடிக்கவில்லை. என் பேத்தி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் மருமகள் ஓடிவந்தாள்.

"அத்தே, நீங்க உள்ள போங்க! மாப்ளைக்கு கஞ்சி ஊத்திடப் போறீங்க!"