பூட்டுக்காரர் கையில் விழுந்த பூட்டு

பூட்டுக்காரருக்கு அந்தத் தெருவில் ஒரு பேர் உண்டு. திருடனுக்கே மசியாத பூட்டு, இவர் விரல் பட்டால் வாயைப் பிளக்கும். "பூட்டுங்கறது மனுஷன் செஞ்சது. மனுஷனால திறக்க முடியாத பூட்டு கிடையாது" என்று, கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவரின் கையிலேயே ஒரு பூட்டு விழுந்தது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு ஸ்மார்ட் வாட்ச் அனுப்பியிருந்தாள். யார் எவ்வளவு நடக்கிறார்கள் என்று அங்கிருந்தே தன் போனில் பார்த்துக்கொள்வாள். அந்த வாட்ச்சில் நீச்சல்காரர்களுக்கென்று ஒரு வசதி. ஒரு நீர்த்துளிப் படத்தைத் தொட்டால் போதும், திரை பூட்டிக்கொள்ளும். பிறகு தண்ணீர் பட்டாலும் அசையாது, விரல் பட்டாலும் அசையாது.

பூட்டுக்காரர் குளியலறை வாளியைத் தாண்டி வேறு நீர்நிலை கண்டவரல்ல. ஆனால் அவர் அரத்தால் சாவி ராவும்போது சட்டைக் கை திரையில் உரசும். உடனே துளி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். தட்டினார். தடவினார். ஊதினார். காதோரம் வைத்துக் குலுக்கினார். ம்ஹூம்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, வாட்ச் பேச மாட்டேங்குதா?"

"நான்தான் பேசாம இருன்னு சொல்லியிருக்கேன்."

"அண்ணிகிட்டயும் இதே வாட்ச்தானே? ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"பூட்டுக்காரன் போய் 'பூட்டைத் திறந்து குடு'ன்னு பொண்டாட்டிகிட்ட நிக்கறதா? உன் கிழிசலை நீ அடுத்த கடையிலயா தைக்கக் குடுப்பே?"

கேட்க மாட்டார். ஆனால் வேலை நடக்க வேண்டும். மறுநாள் மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, சார்ஜரில் கிடந்த இரண்டு வாட்ச்சையும் இடம் மாற்றி வைத்தார். அவள் தபால்காரி, தெருத் தெருவாக நடப்பவள். வந்தாள், வாட்ச்சை எடுத்தாள். கதவிடுக்கில் நின்ற பூட்டுக்காரருக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. 'டிங்' என்று ஒரு சத்தம், பூட்டு திறந்துவிட்டது. அதையே கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் திருப்பி மாற்றிவிடலாம் என்றிருந்தார். அதற்குள் மகள் போன் ஸ்பீக்கரில் வந்துவிட்டாள்.

"அப்பா! இன்னிக்கு என்ன நடை நடந்திருக்கீங்க! எனக்கே பெருமையா இருக்குப்பா!"

பூட்டுக்காரர் திகைத்தது ஒரு விநாடி. அடுத்த விநாடி நெஞ்சு நிமிர்ந்தது.

"பின்னே? அப்பான்னா சும்மாவா?"

"அம்மாதான் மோசம். நாளெல்லாம் உக்காந்தே இருந்திருக்காங்க."

"நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்மா. கேக்கணுமே!"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து வாட்ச்சுகள் மாறியது மாறியதுதான். மனைவியின் வாட்ச் இவர் கையில் பூட்டிக்கொண்டால் என்ன? மணி காட்டுகிறதே! தெருத்தெருவாக நடந்தது அவள். தெருவெல்லாம் பேர் வாங்கியது இவர். நாற்காலியை விட்டு எழாமலே தையல்காரருக்கு நடையின் நன்மைகளை எடுத்துரைத்தார். கால் வீங்கித் திரும்பிய மனைவிக்கும் ஒரு நாள் உபதேசம் செய்தார்.

"கொஞ்சம் காலை வீசி நடக்கப் பழகு. என்னைப் பாரு."

"பாத்துட்டுத்தாங்க இருக்கேன்" என்றாள் அவள்.

அந்த வாரமே அவள் மகளிடம் பேசினாள். "ஊர்ல பெரியவங்களுக்கு நடைப் போட்டி வெக்கறாங்களாம். உங்கப்பா பேரைக் குடுத்துட்டேன். இந்தத் திறமை வீட்டுக்குள்ளயே வீணாப் போகலாமா?"

மகள் துள்ளினாள். தையல்காரர் ஓசியிலேயே அரைக்கால் சட்டை தைத்துக் கொடுத்தார். பின்வாங்க வழியில்லை.

போட்டியன்று விடிந்ததும் பூட்டுக்காரர் முதல் காரியமாக வாட்ச்சுகளை அவரவர் இடத்தில் திருப்பி வைத்தார். இன்று நடப்பது தன் கணக்கில்தான் ஏற வேண்டும். பிறகுதான் குளிக்கப் போனார்.

நடந்தார். பூங்காவைச் சுற்றி, பாலத்தின் மேல் ஏறி, இறங்கி, மூச்சு முன்னால் போக உடம்பு பின்னால் போக நடந்தார். பாதியில் பலர் உட்கார்ந்துவிட்டார்கள். இவர் உட்காரவில்லை. எல்லைக் கோட்டைக் கடைசி ஆளுக்கு முந்தின ஆளாகத் தொட்டபோது, தையல்காரர் விசிலடித்தார். பூட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இது நிஜமாகவே அவர் கால் சம்பாதித்த பெருமை.

மர நிழலில் பெஞ்சில் சாய்ந்திருந்த மனைவியின் பக்கத்தில் பொத்தென்று விழுந்து, மகளைப் போனில் கூப்பிட்டார்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்ப்பா! நம்பவே முடியல!"

"பின்னே?"

"அம்மா இன்னிக்கு எவ்ளோ நடந்திருக்காங்க! ஆமா, நீங்க ஏன்ப்பா இருந்த இடத்தை விட்டு எந்திரிக்கவே இல்ல? போட்டின்னதும் பயந்துட்டீங்களா?"

பூட்டுக்காரர் மனைவியின் மணிக்கட்டைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள். தான் குளிக்கப் போன நேரம் இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

வாட்ச் மாறிப்போச்சு என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால், "என்னிக்கிலேருந்துப்பா?" என்று கேட்பாள். வாயை மூடிக்கொண்டார்.

"சரி விடுங்கப்பா. போனை அம்மாகிட்ட குடுங்க, வாழ்த்து சொல்லணும்."

கொடுத்தார்.