சிமெண்ட் வைத்த முழங்கால்

ஓசூரில் எலும்போடு பிறந்த எவரும் கொத்தனாரைக் கண்டு பயப்படாமல் இருக்க முடியாது. ஆள் எலும்பு டாக்டர்தான். எலும்பில் விழுந்த குழியைச் சிமெண்ட் வைத்து அடைப்பதால் ஊர் வைத்த பெயர் அது. நோயாளி தமிழர் என்றால் தெலுங்கில் திட்டுவார். தெலுங்கர் வந்தால் கன்னடத்துக்கு மாறிவிடுவார். புரிந்தால் மனசு நோகுமாம்.

என் மனைவியின் தம்பி செல்வம் தொழிற்பேட்டையில் இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறவன். அவனுக்கு முழங்காலுக்கு மேலே வீங்கியது. எண்ணெய் போட்டு உருவிக் கட்டினார்கள், இன்னும் வீங்கியது. "கேன்சர்தான், காலை எடுத்துருவாங்க" என்று கம்பெனி கேண்டீன் தீர்ப்பே சொல்லிவிட்டது. செல்வம் சோற்றைத் தொடவில்லை.

கொத்தனார் எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் பார்த்தார். முதலில் கொஞ்சம் தெலுங்கு, உருவி விட்டவர்களுக்காக. அப்புறம் தமிழ்.

"கேன்சர் மாதிரி தெரியல. ஆனா சதை எடுத்து டெஸ்ட் பண்ற வரைக்கும் என் கண்ணையே நான் நம்ப மாட்டேன்."

ரிசல்ட் வந்தது.

"சானமாவு காட்டு யானை பார்த்திருக்கியா? ஆளைக் கொல்லணும்னு வர்றதில்ல. ஆனா ராகிக் காட்டுல பூந்துச்சுன்னா ஒரு கதிர் மிஞ்சாது. இந்தக் கட்டியும் அந்த ஜாதி. கேன்சர் இல்ல, விட்டா எலும்பைத் தின்னுடும்."

"காலு, சார்?" என்றான் செல்வம்.

"அது உன் காலுப்பா. நான் எதுக்கு எடுக்கணும்?"

ஆபரேஷன் அன்று இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போக ஊசி; செல்வம் விழித்திருந்தான். கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு, ஒட்டியிருக்கும் மிச்சம் மறுபடி வளராமலிருக்க, குழியின் சுவரையும் மிஷின் வைத்துக் கடைந்திருக்கிறார் கொத்தனார். திடீரென்று சத்தம் மாறியது. லேத்காரன் சும்மா கிடப்பானா? திரைக்கு இந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்திருக்கிறான்.

"சார், டூல் மொக்கையாயிடுச்சு. மாத்துங்க."

"டூல் நல்லாத்தான் இருக்கு. நல்ல எலும்பு வந்துடுச்சு. இந்தச் சத்தத்துக்குத்தான் இவ்ளோ நேரமா காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன். படுத்துக்கிட்டே சூப்பர்வைசர் வேலை பார்க்காதே."

அப்புறம்தான் சிமெண்ட் குழைக்கச் சொன்னாராம். செல்வம் இதைச் சொன்னபோது நான் வாயைப் பிளந்தேன். கண்ணுக்கு எட்டாத எல்லையைக் காதால் கண்டுபிடிக்கிறார் மனுஷர்.

கட்டி திரும்பி வரலாம் என்பதால் அவ்வப்போது வரவழைத்துப் பார்ப்பார். போன மாதம் படத்தைப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு. எங்க, நட" என்றார். செல்வம் கதவு வரை போய் வந்தான்.

"இன்னொரு தடவை."

நடந்தான்.

"இன்னொரு தடவை."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "ஏதாச்சும் கோணலா இருக்குதா சார்?"

"ஒண்ணுமில்லய்யா. பார்க்க நல்லா இருக்கு."

"நட மச்சான்" என்றேன்.