வைஃபை மட்டும் வராதுங்க

உங்கள் லேப்டாப்பைக் கண்டதும் உங்களை விட்டுவிட்டு அதனிடம் நலம் விசாரிக்கும் ஓர் இனம் உண்டு. லினக்ஸ் தொண்டர்கள். கோவையின் ஐ.டி. பேட்டையான சரவணம்பட்டியில் தடுக்கி விழுந்தால் இவர்களில் ஒருவர் மேல்தான் விழ வேண்டும். காசு வாங்க மாட்டார்கள். ஆபத்தே அதுதான்.

எங்கள் அடுக்குமாடி மிதுனைப் பாருங்கள். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் கணக்கு டீச்சர் சாந்தாமணி, லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று லிஃப்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்று மாலையே பென்டிரைவோடு வந்து, விண்டோஸை வழித்தெறிந்து, லினக்ஸை ஏற்றி, உலகமே கூடி எழுதிய மென்பொருள் இது, இனி வைரஸ் என்ற சொல்லையே மறந்துவிடலாம் என்றெல்லாம் முழங்கி, இரண்டு டம்ளர் காபியும் குடித்து முடித்தார் மிதுன். லேப்டாப் பறந்தது. வைஃபை செத்துப்போயிருந்தது.

"அந்த வைஃபை கார்ட ஓட்டறதுக்குக் கம்பெனிக்காரன் குடுத்த டிரைவர் இருக்குதுங்க்கா. ஆனா உள்ள என்ன எழுதியிருக்கான்னு காட்ட மாட்டேங்கறான். அதப் போடறது கொள்கைக்கு ஒத்து வராதுங்க."

"ஓட்டத் தெரிஞ்ச டிரைவரு இருக்கறப்ப, அவர ஏறவுடாம வண்டிய நிறுத்தி வெச்சா எப்படி கண்ணு? காத்தால பத்து மணிக்கு எனக்கு அதுல இன்டர்வியூ இருக்குது."

ஒரு காலேஜ் வேலைக்கான நேர்காணல். ஆறு வருடமாக அவர் காத்திருந்த வேலை. மிதுன் அசரவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, உள்ளே இருப்பதை எல்லோருக்கும் காட்டும் திறந்த டிரைவர் இணையத்தில் கிடைக்கிறதாம். மறுநாள் காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின; நின்றன; சிவப்பாயின. ஒன்பதே முக்காலுக்கு, "அஞ்சே நிமிசங்க்கா" என்றார். கொள்கைக்கு முன் பத்து மணியெல்லாம் எம்மாத்திரம்?

சாந்தாமணி போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்து, நேர்காணலை அதிலேயே முடித்தார். நடுவில் கேள்வி கேட்டவர், "பின்னாடி என்னங்க மேடம், தட்டற சத்தம்?" என்றார்.

"ரிப்பேர் வேலை நடக்குதுங்க சார்."

வேலை கிடைத்துவிட்டது. "இன்னொருத்தரையும் லினக்ஸுக்கு மாத்தியாச்சு" என்று மிதுன் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார். சாந்தாமணியோ மறுநாளே காந்திபுரத்தில் ஒரு கடையில் கொடுத்து விண்டோஸைத் திரும்பப் போட்டுக்கொண்டார். மிதுனிடம் மூச்சுவிடவில்லை. கேட்டால், "நல்ல பையங்க, மனசு நொந்துபோகும்" என்கிறார்.

அது சரி, இதைப் படிக்கும்போது உங்கள் மனம், 'கார்டு என்ன மாடல் என்று சொல்லவே இல்லையே' என்று முணுமுணுத்ததா? அப்படியானால் நீங்களும் அந்த இனம்தான்; ஒன்று கவனியுங்கள். நீங்கள் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்த வீட்டில் மணியடித்ததும், உள்ளே யாரோ அவசரமாக லேப்டாப்பை மூடும் சத்தம் கேட்கும். பிறகுதான் கதவு திறக்கும்.