மடங்காத காலும் மாப்பிள்ளையின் அப்பாவும்

விசேஷ வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டுகூடப் போகலாம்; காலை நீட்டிக்கொண்டு போகக் கூடாது.

கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை ஒன்றில் வருடக்கணக்கில் நின்றே வேலை பார்த்ததில் என் வலது முட்டி தேய்ந்து, புது மூட்டு வைத்தார்கள். ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. பிறகு காலை மடக்கிப் பழக்க ஒரு பிசியோதெரபி பெண் வீட்டுக்கு வருவாள். அவள் கை படுவதற்கு முன்பே நான் அலறுவேன். (தெரு நாய்கூட எழுந்து பார்க்கும்.) அப்புறம் அவளுக்குக் காபி, முறுக்கு, என் மாமியார் கதை. நேரம் போய்விடும். கடைசியில் கால் கொஞ்சம் மடங்கி, அதற்குமேல் மாட்டேன் என்று நின்றுவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துப் பெரியபாளையத்தில் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். ஆட்டோவில் நான் ஏறினேன், கால் ஏறவில்லை.

"இன்னாக்கா, காலை உள்ள வெச்சுக்கினு குந்துங்க" என்றார் டிரைவர்.

"மடங்காதுப்பா."

அவர் யோசித்தார். கம்பி ஏற்றிய லாரிக்குக் கட்டுவதுபோல என் பாதத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். என் வீட்டுக்காரர், "சேப்பு உனுக்கு நல்லாத்தான் கீது" என்றார்.

மண்டபத்தில் பெரியம்மா என்ற மரியாதைக்கு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தாம்பூலத் தட்டோடு, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். என் காலைப் பார்க்கவில்லை. தட்டு பறந்தது. தேங்காய் உருண்டது. மனிதர் என் மடியில் விழுந்தார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்மணி ஒருவர், "இன்னாது, ஆரம்பமே இப்டி கீது?" என்றார். தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. (பிளந்தாலும் காலை மடக்காமல் எப்படி இறங்குவது?)

அவரோ எழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டே தேங்காயை எடுத்துக் காட்டினார். "பாருங்க, ஒடையவேல்ல! நல்ல சகுனம்தான். ஆனா அக்கா, கல்யாணத்துக்குள்ள இந்தக் காலை மடிச்சுடுங்க."

மண்டபம் சிரித்தது. தங்கைக்கு உயிர் வந்தது.

மறுநாளே டாக்டரிடம் ஓடினேன். (ஓடவில்லை, இழுத்துக்கொண்டு போனேன்.) "உள்ள தழும்பு இறுகிப்போச்சும்மா. மயக்கம் குடுத்து நாங்க ஒரு தடவ மடக்கறோம். அப்புறம் தெனமும் நீங்கதான் மடக்கணும்" என்றார். மடக்கினார்கள். அந்தப் பிசியோதெரபி பெண் மறுபடி வந்தாள். இந்த முறை முறுக்கு இல்லை, கதை இல்லை. அழுதுகொண்டே மடக்கினேன். கல்யாணத்தன்று எல்லோரையும்போலக் காலை மடக்கி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இன்றும் எந்த விசேஷத்திலும் அந்தச் சம்பந்தி என் வரிசைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடுவார். "அக்கா, ரயில்வே கேட்டு தொறந்துகீதா? நான் போலாமா?"

காலை உள்ளே இழுத்துக்கொண்டு வழிவிடுவேன். அவர் போனதும், யாரும் பார்க்காதபோது, சும்மா ஒருமுறை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொள்வேன்.