சலசலப்பில் ஒடிந்த கை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை, அரசு வானொலியின் செய்தி ஆசிரியர் வசந்தகுமார் அவர்களுக்கு, விராலிமலைப் பக்கத்திலிருந்து மாமனார் ஆத்மநாதன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். தங்கள் மாமியார் மருதாயி, வலது முழங்கைக்குக் கீழே நீங்கலாக, நலம். தங்கள் மனைவி சிவரஞ்சனி எங்கள் வீட்டில் நலம். அங்கு தாங்களும் தங்கள் நடுநிலையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

எங்கள் ஊர்க் கல்குவாரியைப் பெரிதாக்குவது குறித்துக் கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது தாங்கள் அறிந்ததே. தங்கள் செய்தியைக் கேட்டபிறகு, நான் போனது அந்தக் கூட்டத்துக்குத்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் போன கூட்டத்தில் முதல் நாலு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை நான் அதற்கு முன் பார்த்ததே கிடையாது. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான், இந்தச் சுற்று வட்டாரத்தில் எனக்குத் தெரியாத முகம் இருக்காது. லாரியில் வந்து இறங்கினார்கள், யார் பேசினாலும் கை தட்டினார்கள், ஃபேன் நின்றபோதும் தட்டினார்கள். உங்க அத்தை எழுந்து மைக்கைப் பிடித்தாள். "ஐயா, நீங்க வெடி வைக்கிறப்பல்லாம் என் வீட்டுச் சுவரு வெரிசலு விடுது, இப்ப அந்தச் சந்துல பல்லி குடும்பம் நடத்துது, இன்னும் பெருசா வெட்டுனா நாங்க எங்கிட்டுப் போறது?" என்று கேட்டாள். மைக்கை அணைத்தார்கள். அவளுக்கு எதுக்கு மைக்கு, அது எனக்கும் உங்களுக்கும் தெரியும், அவர்களுக்குத் தெரியவில்லை. அவள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே மேடைப் பக்கம் போனாள், பின்னாலேயே ஊர்ச்சனம் போனது, போலீஸ் வந்தது, தடி வந்தது. இங்கிட்டு ஓடினவனுக்கும் விழுந்தது, அங்கிட்டு ஓடினவனுக்கும் விழுந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவர்களும் உங்களை மாதிரி நடுநிலைதான். உங்க அத்தை ஓடவில்லை. அவளுக்குக் கை ஒடிந்தது.

மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்தோம். அக்கம்பக்கத்து ஆளெல்லாம் கூடிட்டாங்க. "நம்ம மாப்பிள்ளை போடுற செய்தி, இப்ப கேளுங்க"ன்னு நான்தான் பெருமையா ரேடியோ சத்தத்தைக் கூட்டி வச்சேன். "கூட்டத்தில் பொதுமக்கள் உற்சாகத்துடன் கருத்துகளைப் பகிர்ந்துகொண்டனர். அப்போது ஏற்பட்ட சிறு சலசலப்பில் ஒருவருக்குக் கையில் அசௌகரியம் ஏற்பட்டது." அவ்வளவுதான், அடுத்து வானிலை. பக்கத்து வீட்டுச் செல்லமுத்து மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்துட்டு, "அசௌகரியம் ரொம்ப கனமா இருக்கே"ன்னான். மறுநாள்லேருந்து ஊருல எது நடந்தாலும் சலசலப்புதான். செல்லமுத்து மாட்டுக்கிட்ட முட்டு வாங்குனான், சலசலப்பு. டீக்கடையில பெஞ்சு ஒடிஞ்சு நாலு பேரு விழுந்தான், சலசலப்பு. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா "கை எப்படிம்மா ஒடிஞ்சுச்சு?"ன்னு கேட்டதுக்கு உங்க அத்தை, "அது தானா ஏற்பட்டுச்சுங்க, ரேடியோவுல சொன்னாங்க"ன்னுட்டா.

மனசு கேக்காம ஒங்களுக்கு போன் போட்டேன். நீங்க சொன்னதை அப்படியே எழுதுறேன், தப்புன்னா திருத்துங்க. "மாமா, 'தடியடி'ன்னா அது ஒரு பக்கமா சாயுற சொல்லு. நாங்க யாரு பக்கமும் சாயக்கூடாது." தடியே ஒரு பக்கமாத்தானே மாப்பிள்ளை சாஞ்சுச்சு? "அத்தையோட வலி எனக்குப் புரியுது, ஆனா ரெண்டு தரப்பும் இருக்குல்ல?"ன்னீங்க. இருக்கு. கையில ரெண்டு எலும்பு, ரெண்டு தரப்புலயும் முறிவு. போன்ல எக்ஸ்ரேயைப் பாத்துட்டு உங்க சம்சாரம் பொட்டியோட இங்க வந்து இறங்குனவதான், திரும்பிப் போற பேச்சையே காணோம். "எப்பத்தான் போகப் போறே?"ன்னு கேட்டா, "என்னைப் பெத்தவளுக்கு அடி விழுந்துச்சுன்னு சொல்ல வாய் வராத மனுஷன், நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அதையும் வானிலைக்கு முன்னாடி ரெண்டு வரியில முடிச்சிருவாரு"ங்கிறா.

இதுக்கு நடுவுல எங்க பதினெட்டுப் பேரு மேல கேசு போட்டிருக்காங்க. கலவரம் செஞ்சோமாம். உங்களுக்குச் சலசலப்பு, அவுகளுக்குக் கலவரம். அடி மட்டும் யாரு அகராதியிலயும் இல்லை. முதல் ஆளு உங்க அத்தை. வெளங்குதா? ஆகவே மாப்பிள்ளை, கடைசியாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் செய்தியைத் திருத்தி, 'தடியடி' என்று ஒரே ஒரு தடவை வானொலியில் சொல்லவும். உரக்கக்கூடச் சொல்ல வேண்டாம். சொல்லாதவரை என் மகள் இங்கேதான் இருப்பாள், நானும் உங்களோடு பேசமாட்டேன், இந்தக் கடிதத்தைத் தவிர.

நீங்களும் உங்கள் வேலையும் நிலைத்து, நீண்ட ஆயுளோடும் கொஞ்சம் முதுகெலும்போடும் வாழ மலைமேல் இருக்கிற முருகனை வேண்டிக்கொள்ளும்,

மாமனார்
ஆத்மநாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுற நேரத்துல எங்க வக்கீலம்மா நசீரா வந்தாங்க. கடிதத்தை வாங்கிப் படிச்சவுங்க, "ஐயய்யோ, அந்தச் செய்தியில ஒரு எழுத்தைக்கூட மாத்தச் சொல்லிராதீங்க!"ன்னு பதறிட்டாங்க. போலீஸ் கலவரம்ங்குது, அரசாங்க வானொலியே 'உற்சாகம், சிறு சலசலப்பு'ங்குது, இதைவிட நமக்கு வேற என்ன சாட்சி வேணும்னு கேக்குறாங்க. அதனால மாப்பிள்ளை, மேலே எழுதினது எதையும் மனசுல வச்சுக்காதீங்க. அந்தச் செய்தி தங்கமான செய்தி. முடிஞ்சா இன்னொரு தடவை போடுங்க. அதோட பதிவு ஒண்ணு கோர்ட்டுக்கு வேணும், முத்திரை வச்சுக் கொடுங்க. வாங்கிட்டு வர சிவரஞ்சனிதான் நாளைக்குக் காலையில பஸ் ஏறுறா. ஒரு பதிவை வாங்கக் கைப்பை போதாதான்னு கேட்டேன். அவ பாட்டுக்கு, கொண்டாந்த துணி அத்தனையையும் அந்தப் பெரிய பொட்டியில அடுக்கிக்கிட்டு இருக்கா.